ஏர் ரைஃபிள் ஸ்கோப்பில் எந்த ரெட்டிகிள்? வேலூர்க்காரர்களுக்கு ஒரு ஒப்பீடு

வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கம் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான். ஸ்கோப் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. 3-9×40 என்ற அளவும் (3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) முடிவாகிவிட்டது. ஆனால் அதே அளவில், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லாமல், உள்ளே தெரியும் குறிக்கோடு, அதாவது ரெட்டிகிள், மட்டும் வேறு வேறாக நாலைந்து மாடல் கிடைக்கிறது. சாதாக் குறுக்குக்கோடு ஒன்று, புள்ளி வைத்த மில்-டாட் ஒன்று, கீழே வட்டங்கள் அடுக்கிய பிடிசி (தூரத்துக்குத் தக்கபடி குண்டு விழுவதை ஈடுகட்டுவது) ஒன்று, சிவப்பாக எரிவது ஒன்று. எதை எடுப்பது?

கடையில் கேட்டால், "மில்-டாட் எடுங்க சார், எல்லாரும் அதான் எடுக்கறாங்க" என்பார்கள். அது பாதி சரி. மீதிப் பாதி, நீங்கள் எத்தனை தூரங்களில் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்கோப்பின் விலையை விட, உருப்பெருக்கத்தை விட, ரெட்டிகிளை முடிவு செய்ய வேண்டியது இந்த ஒரு விஷயம்தான் என்பது என் கருத்து.

## இந்த ஒப்பீடு தேவைப்படாதவர்கள்

பிள்ளையை மாவட்ட, மாநில அளவிலான 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குத் தயார் செய்கிறீர்களா? ஸ்கோப்பே வாங்காதீர்கள். ஒலிம்பிக் வகை 10 மீட்டர் போட்டியில் தொலைநோக்கிக் குறிக்கு அனுமதி இல்லை. கடலூரில் பிறந்து ஒலிம்பிக் வரை போன இளவேனில் வாலறிவன் சுடும் ரைஃபிளில் இருப்பது பின்னால் சிறு துளையும் முன்னால் வளையமும் கொண்ட பீப் சைட்தான். அந்தப் போட்டியின் இலக்கில் 10 என்ற புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். அதையே ஸ்கோப் இல்லாமல்தான் அடிக்கிறார்கள். ஸ்கோப்பில் பழகிய கை பிறகு பீப் சைட்டுக்கு மாறும்போது ஒழுங்காக நிற்பதில், மூச்சை நிறுத்துவதில் எல்லாம் திரும்பப் பழக வேண்டியிருக்கும்.

மற்றபடி, தோட்டத்தில் அட்டையையும் டின்னையும் சுடுபவர்கள், ஃபீல்டு டார்கெட் முறையில் வெவ்வேறு தூரத்தில் இரும்புத் தகடு வைத்து விழ வைப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். முயலையும் மயிலையும் குறி வைக்கத்தான் ஸ்கோப் என்றால் அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு நான் ரெட்டிகிள் சொல்லப் போவதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் தூரம். ஒரே தூரமா, பல தூரமா? மாடியில் 10 மீட்டர் மட்டும் சுடுபவருக்கும், அணைக்கட்டுப் பக்கம் மாந்தோப்பில் 10லிருந்து 50 வரை மாற்றி மாற்றிச் சுடுபவருக்கும் தேவை ஒன்றல்ல.

அடுத்தது வெளிச்சம். கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது நமக்குப் புதிதில்லை. பளீரென்ற பாறைப் பின்னணியில் தெரியும் கோடு, மாமர நிழலில் இருக்கும் கறுப்பு இலக்கில் காணாமல் போகும். ஆறு மணிக்கு மேல் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, கோட்டின் தடிமன். 4.5 மில்லிமீட்டர் பெல்லட் போட்ட துளை 25 மீட்டரில் 0.18 மில் (மில் என்பது கோண அளவு, சற்றுக் கீழே விளக்குகிறேன்) அளவுக்குத் தெரியும். அதைவிடத் தடிமனான எதை நடுவில் வைத்தாலும் நீங்கள் எங்கே அடித்தீர்கள் என்பதே மறைந்துவிடும்.

நான்காவது, உருப்பெருக்கத்தை மாற்றும் பழக்கம் உண்டா என்பது. இதை ஏன் கேட்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடைசியாகத் துப்பாக்கியின் வகை. ஸ்பிரிங்கரா (ஸ்பிரிங் விசையில் சுடுவது), பிசிபியா (முன்பே அடைத்துவைத்த அழுத்தக் காற்றில் சுடுவது)? இது ரெட்டிகிளுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். சம்பந்தம் உண்டு.

மில், எம்ஓஏ என்பவை கோண அளவுகள். மில் என்றால் 100 மீட்டரில் 10 செ.மீ. அப்படியே குறைத்துக்கொண்டு வந்தால் 50 மீட்டரில் 5, 25 மீட்டரில் 2.5, 10 மீட்டரில் 1 செ.மீ. ஒரு எம்ஓஏ 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 செ.மீ. மீட்டரில் யோசிக்கும் நமக்கு மில்தான் மனக்கணக்குக்குச் சுலபம். எம்ஓஏ கஜமும் அங்குலமும் புழங்குகிறவர்களுக்கு வசதி.

## பெல்லட் எப்படி விழுகிறது

ரெட்டிகிளில் கீழே கோடு எதற்கு என்று புரிய இந்தக் கணக்கு வேண்டும். 8.44 கிரெய்ன் பெல்லட், வேகம் வினாடிக்கு 244 மீட்டர், அதாவது ஏறத்தாழ 16 ஜூல். ஸ்கோப்பின் நடு, குழலின் நடுவிலிருந்து 4.5 செ.மீ. மேலே. 25 மீட்டரில் ஜீரோ, அதாவது அந்தத் தூரத்தில் நடுக்கோடு காட்டும் இடத்திலேயே பெல்லட் அடிக்கும்படி சரிசெய்தது. இப்படி வைத்துக் கணக்கிட்டால் வருவது:

| தூரம் | குறியிலிருந்து எவ்வளவு கீழே | மில்லில் |
|---|---|---|
| 10 மீ | 1.3 செ.மீ. | 1.3 |
| 15 மீ | 0.4 செ.மீ. | 0.2 |
| 20 மீ | ஏறத்தாழ நேர் | 0 |
| 25 மீ | நேர் | 0 |
| 30 மீ | 0.6 செ.மீ. | 0.2 |
| 40 மீ | 3.6 செ.மீ. | 0.9 |
| 50 மீ | 9.1 செ.மீ. | 1.8 |

உங்கள் துப்பாக்கிக்கு எண்கள் கொஞ்சம் மாறும், வடிவம் மாறாது. இரண்டு விஷயத்தைப் பாருங்கள். 15லிருந்து 30 மீட்டர் வரை வித்தியாசம் ஒரு பெல்லட் அகலத்தை ஒட்டித்தான். அந்தத் தூரத்துக்குள் டின் சுடுகிறவருக்கு எந்தக் கோடும் தேவையில்லை, நடுவில் வைத்து அடித்தால் போதும்.

இன்னொன்று, பலரைக் குழப்புவது. 10 மீட்டரிலும் பெல்லட் கீழேதான் அடிக்கிறது. "இவ்வளவு கிட்ட வச்சும் கீழ போவுதே, ஸ்கோப் போச்சா?" என்று கேட்பார்கள். ஸ்கோப் போகவில்லை. குழல் ஸ்கோப்புக்குக் கீழே இருக்கிறது, பெல்லட் இன்னும் மேலே ஏறி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அதனால் 10 மீட்டருக்குப் பிடிக்கும் அதே கீழ்க்கோடு 45 மீட்டர் பக்கத்திலும் உதவும்.

## சாதாக் குறுக்குக்கோடு: டூப்ளெக்ஸ்

ஓரத்தில் தடித்த கம்பி, நடுவில் மெல்லிய கோடு. 1962ல் லியூபோல்டு நிறுவனம் கொண்டுவந்த வடிவம், இன்றும் உலகத்தில் அதிகம் புழங்குவது இதுவாகத்தான் இருக்கும். நடு மெல்லியதாக இருப்பதால் சின்ன இலக்கை மறைக்காது. மாலை மங்கலில் மெல்லிய கோடு தெரியாமல் போனாலும் தடித்த நாலு கம்பியும் கண்ணை நடுவுக்குக் கொண்டுபோய்விடும். கோடுகள் அதிகமில்லாததால் குழப்பமும் இல்லை.

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போன ஊர்கள் நம் பக்கம் இருக்கின்றன. ஓய்வுபெற்று வந்து தோப்பில் ஏர் ரைஃபிள் வைத்திருக்கும் அண்ணன்மார் பலர் இரும்புக் குறியில் பழகியவர்கள். "எனக்கு இந்தப் புள்ளி கிள்ளியெல்லாம் வேணாம், நைனா" என்று அவர்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. தூரத்துக்குத் தகுந்தபடி மேலே தூக்கிப் பிடிப்பது அவர்களுக்குக் கையோடு வந்த பழக்கம்.

குறை என்ன? 50 மீட்டரில் 9 செ.மீ. தூக்கிப் பிடி என்றால் வெறும் வெளியில் எங்கே பிடிப்பது? ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். தடித்த கம்பி தொடங்கும் இடத்தை இரண்டாவது குறியாக வைத்துக்கொள்ளலாம். அது எந்தத் தூரத்துக்குப் பொருந்துகிறது என்று சுட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டால், டூப்ளெக்ஸிலும் இரண்டு தூரம் கிடைக்கும். மூன்றாவது தூரம் வேண்டும் என்றால் டரெட்டை, அதாவது குறியை ஏற்றி இறக்கும் குமிழை, திருக வேண்டியதுதான்.

மறைந்திருக்கும் செலவு அங்கேதான். விலை குறைந்த ஸ்கோப்பின் டரெட், இத்தனை க்ளிக் ஏற்றி அத்தனை க்ளிக் இறக்கினால் பழைய இடத்துக்கே வரும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு தூரத்துக்கும் திருகித் திருகிச் சுடும் திட்டம் இருந்தால் டூப்ளெக்ஸில் மிச்சம் பிடித்த பணம் நல்ல டரெட்டுக்குப் போய்விடும். ஜீரோ செய்து மூடி போட்டு விட்டுவிடுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

## மில்-டாட், அதன் புதிய தம்பியான மில் கோடு

1970களின் பிற்பகுதியில் அமெரிக்க மரைன் படையின் ஸ்னைப்பர்களுக்காக வந்தது மில்-டாட். ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்த புள்ளியின் நடுவுக்கு ஒரு மில். மேலே இருக்கும் அட்டவணையை இதோடு வைத்துப் பாருங்கள்: 10 மீட்டருக்கு முதல் புள்ளிக்குச் சற்றுக் கீழே, 40க்கு ஏறத்தாழ முதல் புள்ளி, 50க்கு இரண்டாம் புள்ளிக்குக் கொஞ்சம் மேலே. டரெட்டைத் தொடவே வேண்டாம். தூரத்தைச் சொன்னால் கை தானாகப் பிடிக்கும் அளவுக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

தூரம் தெரியாத இடத்தில் தூரத்தைக் கண்டுபிடிக்கவும் உதவும். பொருளின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அது எத்தனை மில் தெரிகிறதோ அதால் வகுத்தால் மீட்டரில் தூரம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். ஸ்கோப்பில் அது 6 மில் தெரிந்தால் 35 மீட்டர். ஆனால் அரை மில் பிசகிப் படித்தாலே மூன்று மீட்டர் போல மாறிவிடும். 25 மீட்டரில் அது பாதிக்காது, 45 மீட்டரில் பாதிக்கும். தோப்பில் தூரத்தைக் காலால் அளந்து கல் நட்டுவைப்பதுதான் நம்பகமானது.

புள்ளி வைத்த பழைய மில்-டாட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. அந்தப் புள்ளியின் அளவே 0.2 மில்லுக்குச் சற்று மேல் இருக்கும். 25 மீட்டரில் அது பெல்லட் துளையை அப்படியே மூடிவிடும். 50 மீட்டரில் ஒரு செ.மீ.க்கு மேல் மறைக்கும். ஃபீல்டு டார்கெட்டில் விழ வைக்க வேண்டிய வட்டமே 15 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னதாக இருக்கலாம். அதனால் புள்ளிக்குப் பதில் சிறு குறுக்குக்கோடு போட்ட, அரை மில்லுக்கு ஒரு கோடு வரும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். 1.8 மில் என்பதை ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் பார்ப்பது, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் பார்ப்பதைவிடத் துல்லியம்.

காற்றுக்கும் பக்கவாட்டுக் கோடுகள் உதவும். பாலாற்று மணல்வெளி மாதிரி திறந்த இடத்தில் லேசான பக்கக்காற்றே 40, 50 மீட்டரில் இவ்வளவு இலகுவான பெல்லட்டைத் தள்ளிவிடும். டூப்ளெக்ஸில் அது ஊகம். இதில் "அரை மில் வலது" என்று ஒரு கணக்கு கிடைக்கிறது, அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம்.

## பிடிசி: யாருடைய குண்டுக்கோ போட்ட கணக்கு

பிடிசி ரெட்டிகிளில் கீழே இருக்கும் வட்டங்களோ கோடுகளோ 200, 300, 400 கஜம் என்று பெயர் வைத்து வரும். அந்தக் கணக்கு .223 அல்லது .308 மாதிரியான வேட்டை, ராணுவக் குண்டுகளுக்குப் போட்டது. வினாடிக்கு 800, 900 மீட்டர் வேகத்தில் போகும் குண்டுக்குப் போட்ட கணக்கு, 244 மீட்டரில் போகும் பெல்லட்டுக்கு எப்படிப் பொருந்தும்? பெட்டியில் எழுதியிருக்கும் தூரங்கள் நமக்கு வெறும் அலங்காரம்.

அதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பெயரை மறந்துவிட்டு, இடைவெளியை மட்டும் பாருங்கள். முதல் வட்டம் எந்தத் தூரத்தில் சரியாக அடிக்கிறது, இரண்டாவது எந்தத் தூரத்தில் என்று சுட்டே கண்டுபிடித்து ஸ்டாக்கில் (துப்பாக்கிக் கட்டையில்) ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. ஏற்கெனவே பிடிசி ஸ்கோப் கையில் இருக்கிறவர் புதிதாக வாங்கத் தேவையில்லை. புதிதாக வாங்குகிறவர் இதை எடுக்கக் காரணமும் இல்லை. மில் கோட்டில் இடைவெளி சமமாக இருக்கிறது, கணக்குப் போட முடிகிறது. பிடிசியில் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கிறது, சுட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெல்லட் டின்களும் செலவுதானே.

பெல்லட் பிராண்டை மாற்றினால் அந்தச் சீட்டு பயனில்லை, திரும்ப முதலிலிருந்து. மில்லிலும் எண் மாறும், ஆனால் அங்கே பெல்லட் பாதையைக் கணக்கிடும் செயலியில் புது எடையும் வேகமும் போட்டால் ஏறத்தாழ வந்துவிடும்.

## கிறிஸ்துமஸ் மரம்

கீழே போகப் போக இரண்டு பக்கமும் புள்ளிகள் விரிந்துகொண்டே போகும் ரெட்டிகிள். கல்யாண வீட்டு வாசலில் தொங்கும் சீரியல் விளக்கு மாதிரி இருக்கும். 800, 1000 மீட்டருக்குச் சுடுகிறவர்களுக்கு, அதுவும் கீழேயும் பக்கத்திலும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டியவர்களுக்கு, அது அவசியம். நமக்கு அதிகபட்சம் இரண்டு மில் கீழே போகிறது. மீதிப் பத்து மில்லும் டின்னை மறைக்க மட்டுமே உதவும். வாங்காதீர்கள்.

## எரியும் புள்ளி, எரியும் கோடு

கறுப்பு இலக்கில் கறுப்புக் கோடு மறைகிறது என்ற பிரச்சினைக்கு விற்கப்படும் தீர்வு. மாலையில், அடர்ந்த தோப்பின் நிழலில், உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் விலை குறைந்த ஸ்கோப்பின் விளக்கு மே மாத மதிய வெயிலில் தெரியவே தெரியாது. எந்த நேரத்தில் கோடு அதிகம் தெரிய வேண்டுமோ அந்த நேரத்தில் கை கொடுக்காது. இருட்டில் அதிக வெளிச்சத்தில் வைத்தால் கண் கூசி இலக்கே மங்கும்.

பணம் கூடுதலாகக் கேட்காவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக மட்டும் பணம் கொடுப்பது வீண். இலக்கை மாற்றுவது இலவசம்: கறுப்பு வட்டத்துக்குப் பதில் கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பின்பக்கத்தில் ஆரஞ்சுப் பொட்டு ஒட்டுங்கள். எந்தக் கறுப்புக் கோடும் அதில் பளிச்சென்று தெரியும். பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032, கிடைக்கச் சிரமமில்லை. அணைக்க மறந்து உறையில் வைப்பதுதான் வழக்கமான செலவு.

## முன்தளமா, பின்தளமா

ரெட்டிகிள் வடிவத்தைத் தாண்டி இது ஒரு தனி முடிவு. பணத்தில் பெரிய வித்தியாசம் இங்கேதான்.

பின்தள ரெட்டிகிளில், நீங்கள் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் கோடு அதே அளவில் இருக்கும், இலக்கு மட்டும் மாறும். அதனால் மில் இடைவெளி ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் உண்மையான மில். பெரும்பாலும் அது உச்ச அளவில் இருக்கும், சில மாடலில் 10ல் இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். 9ல் ஒரு மில் என்றால் நாலரையில் அதே இடைவெளி இரண்டு மில், 3ல் மூன்று மில். இது தெரியாமல் 6ல் வைத்துக்கொண்டு அட்டவணையைப் பின்பற்றுகிறவர்களின் 50 மீட்டர் அடி அத்தனையும் மேலே போகும்.

முன்தளத்தில் கோடும் இலக்கோடு சேர்ந்து பெரிதாகும், எல்லா அளவிலும் மில் மில்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விலை கணிசமாகக் கூடுதல். 3, 4 அளவில் கோடு நூல் மாதிரி ஆகி வெளிச்சத்தில் கரைந்துவிடும். உச்சத்தில் தடித்து இலக்கை மறைக்கும்.

ஏர் ரைஃபிளுக்கு முன்தளம் தேவையா? உருப்பெருக்கத்தை அடிக்கடி மாற்றுகிறவருக்கு மட்டும். 8லோ 9லோ வைத்துவிட்டு வருடம் முழுவதும் தொடாதவர்தான் நம்மில் அதிகம். அவருக்குப் பின்தளம் போதும். மிச்சப் பணத்தை ஏஓ (தூரத்துக்குத் தகுந்தபடி திருகிச் சரிசெய்யும் வளையம்) இருக்கும் மாடலில் போடுவது புத்திசாலித்தனம்.

இந்த ஏஓ விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. வேட்டைத் துப்பாக்கிக்குச் செய்த பல ஸ்கோப்புகளில் பாரலாக்ஸ், அதாவது கண் நகரும்போது குறி நகர்வது போலத் தெரியும் பிசகு, 100 கஜத்தில் மட்டும் வராதபடி நிலையாகப் பொருத்தியிருக்கும். 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி உள்ள அப்படி ஒன்றில் 25 மீட்டர் பார்த்தால், கண் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகரும்போது கணக்குப்படி ஒன்றரை செ.மீ. வரை குறி பிசகலாம். எந்த ரெட்டிகிளின் துல்லியமும் அதற்கு முன் நிற்காது. 10 கஜத்தில் தொடங்கும் ஏஓ வளையம் உள்ள சாதா டூப்ளெக்ஸ், ஏஓ இல்லாத மில் கோட்டைவிட நல்லது. வெயிலில் ஸ்கோப் சூடேறினால் வளையத்தில் எழுதிய தூரம் சற்று நகரும். ஆகவே எண்ணை நம்பாமல் படம் தெளிவாகும் இடத்தை நம்புங்கள்.

## ஸ்பிரிங்கர் வைத்திருப்பவருக்கு

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் முதலில் துப்பாக்கி பின்னால் தள்ளும், உடனே உள்ளே இருக்கும் பிஸ்டன் முன்னால் மோதி நிற்கும்போது முன்னால் இழுக்கும். சாதாரண ஸ்கோப் பின்னால் வரும் உதையைத் தாங்கச் செய்தது. முன்னால் வரும் உதையில் உள்ளே இருப்பது ஆட்டம் காணும்.

இங்கேதான் ரெட்டிகிள் வருகிறது. பழைய டூப்ளெக்ஸ் பலவற்றில் கோடு என்பது நிஜமான மெல்லிய கம்பி. ஸ்பிரிங்கரின் இரட்டை உதையில் அது வளையலாம், அறுந்தும் போகலாம். கண்ணாடியில் செதுக்கிய ரெட்டிகிளில் அறுந்துபோக எதுவும் இல்லை. அந்தரத்தில் நிற்கும் தனிப் புள்ளி, தனிக் கோடு இருக்கும் எந்த வடிவமும் கண்ணாடியில் செதுக்கியதாகத்தான் இருக்க முடியும், கம்பியில் அதைச் செய்ய வழியில்லை. "ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு ஏற்றது" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிசிபிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் உதையே கிடையாது என்று சொல்லலாம்.

## வெளிநாட்டில் மல்டிகன் சுடும் நம்மவருக்கு

அமெரிக்காவில் வேலையில் இருக்கும் வேலூர்ப் பிள்ளைகள் சிலருக்கு ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் ஒரே சுற்றில் ஓடி ஓடிச் சுடும் மல்டிகன் போட்டி பழக்கமாகியிருக்கிறது. இங்கே அதை நடத்தவே முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் பொதுவாக இரண்டு துப்பாக்கிதான், அந்த வகை ரைஃபிளுக்கு நம் ஊரில் உரிமமும் கிடைக்காது. ஆனால் ரெட்டிகிள் கேள்வி அவர்களுக்கும் உண்டு, பதில் நமக்குச் சொன்னதற்கு நேர்மாறு.

அங்கே ஒரே சுற்றில் ஐந்து மீட்டரில் அட்டை, 300 மீட்டரில் இரும்புத் தகடு, நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் 1-6 அல்லது 1-8 ஸ்கோப். 1ல் வைத்தால் இரண்டு கண்ணையும் திறந்து சுட முடிய வேண்டும். அந்த இடத்தில் பட்டப்பகலிலும் தெரியும் எரியும் புள்ளிதான் முதல் தேவை. நான் மேலே வீண் என்றது அங்கே உயிர்நாடி. விலையும் அதற்குத்தான் ஏறுகிறது.

பிடிசியும் அங்கே பொருந்துகிறது. .223 குண்டுக்கே போட்ட கணக்கு என்பதால் வட்டத்துக்கும் தூரத்துக்கும் உறவு உண்மை. அமெரிக்கப் போட்டிச் சுடுநர் ஜெர்ரி மிக்குலெக் பெயரில் வோர்டெக்ஸ் ரேசர் 1-6ல் வரும் ஜேஎம்-1 அப்படி ஒரு எளிய பிடிசி. வேகம் முக்கியம், எண்ணிப் பார்க்க நேரமில்லை என்பவர்கள் அதை எடுக்கலாம். குண்டின் எடையையும் குழல் நீளத்தையும் மாற்றுகிறவர்கள் மில் அல்லது எம்ஓஏ கோடு உள்ளதை எடுக்கலாம். தொலைவில் சுடும்போது எப்படியும் உச்ச அளவில்தான் வைப்பார்கள் என்பதால் பின்தளத்தின் குறை அங்கே அதிகம் உறுத்தாது, 1ல் புள்ளி பெரிதாக, தெளிவாக இருக்கும். டாக்டிகல் பிரிவில் ரைஃபிளுக்கு ஒரு ஒளியியல் குறிதான் அனுமதி. பக்கவாட்டில் இன்னொரு ரெட் டாட் வைக்க வேண்டும் என்றால் ஓப்பன் பிரிவுக்குப் போக வேண்டும். தம்பி, எந்தப் பிரிவு என்று முடிவு செய்துவிட்டு ஸ்கோப்பைத் தேடு.

## இங்கே யாருக்கு எது

மாடியில் 10 மீட்டர் மட்டும், அல்லது தோப்பில் 15லிருந்து 30க்குள் டின்: ஏஓ உள்ள டூப்ளெக்ஸ். 10 மீட்டர் மட்டும் என்றால் அங்கேயே ஜீரோ செய்துகொள்ளுங்கள்.

10லிருந்து 50 வரை மாற்றி மாற்றி, ஃபீல்டு டார்கெட் ஆசையும் உண்டு: அரை மில் கோடு, பின்தளம், கண்ணாடியில் செதுக்கியது, ஏஓ உள்ளது. அது கிடைக்காவிட்டால் மில்-டாட். பெரும்பாலானவருக்கு என் பரிந்துரை இதுதான்.

மாலையில் மட்டும் நேரம் கிடைக்கிறவர்: ஓரக் கம்பி தடிமனாக இருக்கும் மாடல். எரியும் வசதி இருந்தால் சேர்த்து.

கண்ணாடி போட்டுக்கொள்ளும் ஐம்பது வயதுக்காரர்: எதுவானாலும் பின் மூடியில் இருக்கும் கண் ஃபோகஸ் வளையத்தை முதலில் வெறும் வானத்தைப் பார்த்து, கோடு கூர்மையாகும் வரை திருகுங்கள். "கோடு மங்கலா இருக்கு" என்று ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுக்கக் கொண்டு வருபவர்களில் பலர் இதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

வாங்கி வந்ததும் மில் உண்மையில் மில்தானா என்று பார்த்துவிடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் 2.5 செ.மீ.க்கு ஒரு கோடு வீதம் ஐந்தாறு கோடு போட்டு, நாடா வைத்து அளந்து 25 மீட்டரில் நிறுத்துங்கள். துப்பாக்கியில் பொருத்த வேண்டாம், மேசையில் மணல் மூட்டை மீது ஸ்கோப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் போதும். உருப்பெருக்கத்தை மெல்லத் திருகி, ரெட்டிகிளின் இடைவெளியும் தாளின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடத்தில் வளையத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். 9 என்று எழுதிய இடத்திலேயே அது வர வேண்டும் என்பதில்லை, எட்டரையில் வந்தாலும் அதுதான் உங்கள் அளவு. எந்த இடத்திலும் பொருந்தவில்லை என்றால், ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் ரிங்குகள் இன்னும் அதில் தடம் பதிக்கவில்லை, பில் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம்.